பம்பாய்க் குருதி

குருதியை உறவின் அடையாளமாகக் கொள்வது தமிழரிடையே தொன்றுதொட்டு வரும் வழக்காகும். உடன்பிறந்தாரை இரத்த உறவினர் என்பர். ஒருவர்க்குத் துன்பம் நேர்ந்தவிடத்து மற்றவர் பதறினால், இரத்த பாசம் அவரை விடவில்லை என்பர். ஆயினும் மருத்துவம் கண்ட உண்மை வேறு. அண்ணனுடைய குருதி தம்பியைக் கொல்லவும் கூடும். கடல் கடந்த நாட்டில் வாழும், மொழியும் முகமும் அறியாத ஒருவருடைய குருதி அதே தம்பியைப் பிழைக்க வைக்கவும் கூடும். இவ்வுண்மையை மனிதர் கற்றுக்கொள்ள ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் ஆயின. அவ்வரலாற்றின் ஒரு முக்கியமான பகுதி, 1952ஆம் ஆண்டில், பம்பாய் நகரில் நிகழ்ந்தது.

தொடக்க காலச் செய்திகளை விரித்துரைக்க வேண்டுவதில்லை. 1667ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் ழான் டெனிஸ் என்னும் மருத்துவர் ஆட்டுக்குட்டியின் குருதியைச் சிறுவன் ஒருவனுக்கு ஏற்றினார். சிறுவன் பிழைத்தான். பின்னர் அவரிடம் சிகிச்சை பெற்ற மற்றொருவர் இறந்தார், வழக்கு மன்றம் வரை சென்றது, குருதியேற்றமே தடைசெய்யப்பட்டது. அதன்பின் நூற்றைம்பது ஆண்டுகள் கழித்து, 1818இல், இலண்டனில் ஜேம்ஸ் பிளண்டெல் என்பார் மனிதர் குருதியை மனிதர்க்கு ஏற்றினார். பிள்ளைப்பேற்றின்போது குருதி இழந்து மடியும் தாய்மாரைக் காப்பாற்ற வேண்டும் என்னும் இரக்கமே அவரை இம்முயற்சியில் ஈடுபடுத்திற்று. அவருடைய நோயாளிகளுள் சிலர் பிழைத்தனர், சிலர் மடிந்தனர். பிழைத்தவர் ஏன் பிழைத்தார், மடிந்தவர் ஏன் மடிந்தார் என்பதை அன்று சொல்ல வல்லார் ஒருவரும் இலர்.

விடையைக் கண்டவர் வியன்னா நகரின் கார்ல் லாண்ட்ஸ்டைனர். 1900, 1901ஆம் ஆண்டுகளில் அவர் செய்த ஆய்வு, செலவு மிகுந்த கருவி எதனையும் வேண்டாத எளிய ஆய்வாகும். தம் ஆய்வகத்தில் பணிபுரிந்தோரிடமிருந்து குருதியைப் பெற்றார், தம்முடையதையும் சேர்த்துக்கொண்டார். ஒவ்வொரு குருதியிலிருந்தும் செவ்வணுக்களைத் தனியாகவும், சீரம் எனப்படும் தெளிநீரைத் தனியாகவும் பிரித்தார். பிறகு ஒருவருடைய அணுக்களை மற்றொருவருடைய சீரத்தோடு கலந்து பார்த்தார். சில கலவைகள் சீராகவே இருந்தன. சிலவற்றில் அணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு சிறு சிறு திரள்களாயின. இவ்விடத்தில் மாணவர் ஒரு வேறுபாட்டை மனத்தில் இருத்துதல் வேண்டும். காயத்தினின்று வடியும் குருதி கெட்டியாவது உறைதல். அது உடலைக் காக்கும் செயல். லாண்ட்ஸ்டைனர் கண்டது திரளுதல். ஏற்றப்பட்ட அணுக்களை உடல் பகையாகக் கருதித் தாக்குவதன் அறிகுறி அது. தேர்வுத் தாள்களில் இவ்விரண்டும் ஒன்றாகவே எழுதப்படுவது இன்றும் தீரவில்லை.

திரளும் முறையைக் கொண்டு அவர் குருதியை மூன்று வகையாகப் பிரித்தார். நான்காவதாகிய ஏபி வகையை 1902இல் டெக்காஸ்டெல்லோ, ஸ்டூர்லி என்னும் இருவர் கண்டனர். லாண்ட்ஸ்டைனர் தம் மூன்றாம் வகைக்கு இட்ட பெயர் சி என்பதாகும். பின்னரே அது ஓ ஆயிற்று. ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் அதனை எழுத்தாகக் கொள்ளாமல் பூச்சியமாகவே எழுதுவர். ஏ என்னும் பொருளும் இல்லை, பி என்னும் பொருளும் இல்லை; ஆகவே அது பூச்சியம் என்பது கருத்து. ஒன்றுமில்லாத அணுவை எந்த உடலும் பகையாகக் கருதாது எனவும், ஆதலால் ஓ வகையினர் எல்லார்க்கும் குருதி ஈயலாம் எனவும் மருத்துவ நூல்கள் எழுதின. பள்ளிப் பாடநூல்களும் அவ்வாறே எழுதின. ஐம்பது ஆண்டுகள் இக்கருத்து அசையாமல் நின்றது.

குருதியை ஏற்றுவதற்கு முன்பே சோதித்துப் பார்த்தல் வேண்டும் என்னும் ஒழுங்கை நடைமுறைக்குக் கொணர்ந்தவர் நியூயார்க்கின் ரூபன் ஒட்டன்பர்க். 1907இல் மவுண்ட் சைனாய் மருத்துவமனையில் அவர் இதனைத் தொடங்கினார். 1913இல் கலிஸ்கி என்பாருடன் சேர்ந்து, 128 குருதியேற்றங்களின் அனுபவத்தைக் கட்டுரையாக வெளியிட்டார். முன்கூட்டியே சோதிப்பதால் விபத்துகளைத் தவிர்க்கலாம் என்பதே அக்கட்டுரையின் சாரம். லாண்ட்ஸ்டைனருக்கு 1930இல் நோபல் பரிசு கிட்டியது. ஒட்டன்பர்க்கின் பெயரை மருத்துவ மாணவர்களுள்ளும் பலர் அறியார். கண்டுபிடித்தவரைப் போற்றும் உலகம், அதனை அன்றாட வழக்கமாக்கியவரை எளிதில் மறந்துவிடுகிறது.

ஏபிஓ முறைக்குப் பின் வேறு குருதி முறைகளும் ஒவ்வொன்றாக வெளிப்பட்டன. 1940இல் லாண்ட்ஸ்டைனரும் வீனரும் ஆர்எச் காரணியை அறிவித்தனர். 1945இல் கேம்பிரிட்ஜின் ராபின் கூம்ஸ், மூராண்ட், ரேஸ் ஆகிய மூவரும், கண்ணுக்குத் தெரியும் திரளை உண்டாக்காத மறைவான எதிர்ப்பொருள்களையும் வெளிப்படுத்தும் சோதனையை வகுத்தனர். இத்தாலியரான மொரெஸ்கி 1908ஆம் ஆண்டிலேயே இதன் அடிப்படையை எழுதியிருந்தார். எழுதியதை எவரும் பொருட்படுத்தவில்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில் குருதி வங்கிகள் பெருகின. அறுவை மருத்துவம் துணிவு பெற்றது. குருதி பற்றி அறிய வேண்டியதெல்லாம் அறிந்தாயிற்று என்று பலரும் எண்ணிய வேளையில்தான் பம்பாயிலிருந்து செய்தி வந்தது.

பம்பாய் மருத்துவர் ஒய்.எம். பெண்டே, சி.கே. தேஷ்பாண்டே, எச்.எம். பாட்டியா ஆகியோர் அன்று எதிர்கொண்ட நோயாளிகளுள் ஒருவர் இரயில் விபத்தில் காயமுற்றவர் என்றும், மற்றொருவர் கத்திக்குத்துக்கு ஆளானவர் என்றும் பிற்காலப் பதிவுகள் கூறுகின்றன. வழக்கம்போல் குருதி வகை பார்க்கப்பட்டது. ஏ எதிர்ப்பொருளோடு கலந்தபோது அணுக்கள் திரளவில்லை. பி எதிர்ப்பொருளோடும் திரளவில்லை. நூல் முறைப்படி அது ஓ வகையாதல் வேண்டும். ஆனால் ஓ வகையினரின் அணுக்களை நோயாளியின் சீரத்தோடு சேர்த்துப் பார்த்தபோது, அவையும் திரண்டன. வேறொரு ஓ கொடையாளரின் குருதியை எடுத்தனர், அதுவும் திரண்டது. ஏ, பி, ஏபி ஆகியவற்றைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை. எக்குருதியும் பொருந்தவில்லை. எல்லார்க்கும் ஈயத்தக்கது என்று போற்றப்பட்ட ஓ குருதியே இந்நோயாளிக்கு நஞ்சாக நின்றது.

இத்தகைய வேளையில் பணியாளர் எளிய வழி ஒன்றை நாடுவது உலகியல்பு. சீரம் கெட்டிருக்கும், குழாய் தூய்மையாக இல்லாதிருக்கும், கலந்தவரின் கை தவறியிருக்கும் என்று சொல்லிக் கணக்கை முடித்துவிடலாம். பம்பாய் மருத்துவர்கள் அவ்வாறு முடிக்கவில்லை. விடை பாடத்தோடு ஒத்துவராதபோது விடையைத் திருத்தாமல் பாடத்தை ஐயுற்றனர். அவர்கள் கண்ட மூவர் ஒருவருக்கொருவர் உறவினர் அல்லர். ஆனால் அம்மூவரின் குருதி மட்டும் தமக்குள் பகை கொள்ளவில்லை. உறவினரல்லாத மூவர் குருதியால் ஓரினமாக நின்றனர்.

குருதி மாதிரிகள் இலண்டனுக்கு அனுப்பப்பட்டன. அங்கே லிஸ்டர் ஆய்வு நிலையத்தில், குருதி வகைகளை ஆராய்வதில் அக்காலத்து முதன்மை பெற்ற ராபர்ட் ரேஸ், ரூத் சாங்கர் ஆகியோரும், குருதியின் வேதியியலை ஆராய்ந்த வால்ட்டர் மார்கன், வினிஃபிரெட் வாட்கின்ஸ் ஆகியோரும் பணிபுரிந்தனர். இந்தியர் மூவர், இலண்டனார் நால்வர் ஆக எழுவர் பெயரால், 1952ஆம் ஆண்டு மே மாதம், ‘லான்செட்’ இதழில் ஒரு சிறிய கட்டுரை வெளிவந்தது. அக்கட்டுரை பக்க அளவில் மிகச் சிறியது. மருத்துவ உலகம் ஐம்பது ஆண்டுகளாகப் பூச்சியம் என்று எழுதிவந்த இடத்தில் ஒரு பொருள் இருக்கிறது என்பதை அது ஐயத்திற்கு இடமின்றிக் காட்டிற்று.

அப்பொருளின் பெயர் எச். இப்பெயரை மார்கனும் வாட்கின்சும் 1948ஆம் ஆண்டிலேயே வழங்கியிருந்தனர். அதன் இடம் இன்னது என்பதை விளக்கியது பம்பாய்க் குருதியே. செவ்வணுவின் மேற்புறத்தில் சர்க்கரைகளால் ஆன சிறு சங்கிலிகள் உள்ளன. அச்சங்கிலியின் நுனியில் ஃபூகோஸ் என்னும் சர்க்கரை சேர்ந்தால் அது எச் ஆகும். எச் என்னும் அந்த அடித்தளத்தின் மேல் இன்னொரு சர்க்கரை அமர்ந்தால் ஏ. வேறொரு சர்க்கரை அமர்ந்தால் பி. ஒன்றும் அமராமல் அடித்தளம் மட்டும் நின்றால் அதுவே ஓ. எனவே ஓ வகையினரின் அணு வெறுமையானது அன்று. மற்றெல்லாரையும்விட அதில்தான் எச் மிகுதியாக உள்ளது. பம்பாய் வகையினர்க்கோ அந்த அடித்தளமே இல்லை. அடித்தளம் இல்லாத மனையில் சுவர் எழுப்ப இயலாதவாறு போல, ஏ, பி ஆகியவற்றை உண்டாக்கும் மரபணு அவர்களிடம் இருந்தாலும் அது வேலை செய்ய இடமில்லை. உடலில் இல்லாத பொருளை உடல் பகையாகவே கருதும். ஆதலின் அவர்களுடைய சீரத்தில் ஏ, பி, எச் ஆகிய மூன்றுக்கும் எதிர்ப்பொருள்கள் உள்ளன. அவற்றுள் எச்சுக்கு எதிரானது உடல் வெப்பநிலையிலேயே கடுமையாகச் செயற்படுவது. ஏற்றப்பட்ட அணுக்களைக் குழாய்க்குள்ளேயே உடைப்பது போல் நாளங்களுக்குள்ளேயே உடைத்துவிட வல்லது.

இவ்விளக்கத்திற்கு மரபியல் சான்று அமெரிக்காவிலிருந்து கிடைத்தது. 1955இல் ஃபிலிப் லெவின் என்பாரும் அவர் குழுவினரும் இத்தாலிய வழிவந்த ஒரு பெண்ணின் குடும்பத்தை ஆராய்ந்தனர். சோதனையில் அப்பெண் ஓ போலவே காணப்பட்டார். ஆனால் அவருடைய மகளிடம் பி இருந்தது. அந்த பி தந்தையிடமிருந்து வந்திருக்க வழியில்லை. பாட்டியிடம் இருந்த பி, தாயிடம் வெளிப்படாமல் மறைந்து கிடந்து, பேத்தியிடம் மீண்டும் தோன்றியது. பம்பாய் என்னும் பெயரை இவ்வகைக்குச் சூட்டியவரும் லெவினே. 1995இல் நகரின் பெயர் மும்பை என மாறிற்று. குருதியின் பெயர் மாறவில்லை. இத்தகைய மறைவை அறியாதார், தாய்க்கும் மகளுக்கும் குருதி பொருந்தாமை கண்டு ஒரு குடும்பத்தின் மானத்தையே ஐயுற்றிருப்பர் என்பதையும் இங்கு எண்ணிப் பார்த்தல் தகும்.

எச்சை உண்டாக்கும் மரபணு தாய் வழியிலும் தந்தை வழியிலும் ஒருசேரக் கெட்டிருந்தால்தான் ஒருவர் பம்பாய் வகையினராவர். ஒன்று மட்டும் கெட்டிருப்பவர் எக்குறையும் இன்றி வாழ்வர்; தம்மிடம் அக்குறை உள்ளதென்பதைச் சாகும்வரை அறியார். அத்தகைய இருவர் மணந்தால், பிறக்கும் குழந்தை ஒவ்வொன்றும் பம்பாய் வகையாதற்கு நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. அத்தை மகளையும் மாமன் மகளையும் மணக்கும் வழக்கமுடைய தென்னிந்தியக் குடும்பங்களில், ஒரே பாட்டனிடமிருந்து வந்த இரு கெட்ட மரபணுக்கள் ஒரு குழந்தையிடம் கூடுவது எளிது. தென்மாநிலங்களில் இவ்வகையினர் கண்டறியப்பட்ட குடும்பங்கள் பலவற்றில் பெற்றோர் நெருங்கிய உறவினராகவே இருந்துள்ளனர். இது சொந்தத்தில் மணத்தலைப் பழிக்கும் கூற்று அன்று. கணக்கு அவ்வாறு அமைகிறது.

இந்திய நாட்டில் சராசரி பத்தாயிரம் பேருக்கு ஒருவர் பம்பாய் வகையினர் என்பர். மும்பை வட்டாரத்தில் 7,600 பேருக்கு ஒருவர் என்பது கணக்கு. ஐரோப்பியரிடையே பத்து இலட்சம் பேருக்கு ஒருவர் என்ற அளவிலேயே காணப்படுகிறது. கிழக்காசிய மக்களிடையே, எச் அறவே இல்லாமற் போகாது மிகச் சிறிதளவு எஞ்சி நிற்கும் வேறொரு வகை உண்டு. சோதனைச்சாலைக்கு அதுவும் தொல்லை தருவதே. ஆயினும் பம்பாய் வகையளவு கொடியது அன்று. இவ்வாறு குருதி வகைகள் மக்களினந்தோறும் வேறுபட்டுப் பரவியிருப்பதை முதலில் காட்டியவர் ஹிர்ஷ்ஃபெல்ட் தம்பதியர். முதல் உலகப் போரின் இறுதியில் சலோனிக்கா போர்முனையில் கூடியிருந்த பல நாட்டு வீரர்களின் குருதியைச் சோதித்து, இந்திய வீரரிடையே பி வகை மிகுதி என்பதை 1919இல் அவர்கள் வெளியிட்டனர்.

மக்கள் புலம்பெயரும்போது மரபணுவும் உடன் செல்கிறது. இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்குரிய ரெயூனியன் தீவில் 1980களின் தொடக்கத்தில் நடந்த ஆய்வில், அங்குள்ள இந்திய வழியினரிடையே பம்பாய் வகையினர் காணப்பட்டனர். கரும்புத் தோட்டங்களில் உழைக்க ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிச் சென்றோரின் வழித்தோன்றல்கள் அவர்கள். அவர்களுள் தமிழ் நிலத்திலிருந்து சென்றோர் மிகப் பலர். மொழியை மறந்தோர் உண்டு. பெயரை மாற்றிக்கொண்டோர் உண்டு. கண்ணுக்குத் தெரியாத இவ்வேறுபாடு மட்டும் அவர்களோடு கப்பலில் சென்று, நூறாண்டு கழித்தும் மாறாமல் இருந்தது. 1990களில் இம்மரபணுவின் பிழை எவ்விடத்தில் உள்ளது என்பது பத்தொன்பதாம் குரோமோசோமில் கண்டறியப்பட்டபோது, இந்தியாவிலும் ரெயூனியனின் இந்தியரிடமும் உள்ள பிழை ஒன்றே என்பது தெளிவாயிற்று.

இனி, அறுவை சிகிச்சைக்கு வருவோம். பம்பாய் வகையினர் மற்றெல்லாரையும் போல் நலமாகவே வாழ்வர். குருதி தேவைப்படும் நாள் வரும்வரை அவர்களுக்கு இதனால் ஒரு தீங்கும் இல்லை. அவர்களுடைய அட்டையிலும் பெரும்பாலும் ஓ என்றே எழுதப்பட்டிருக்கும். அணுக்களை மட்டும் சோதித்து வகையைச் சொல்லும் அரைச் சோதனையே இதற்குக் காரணம். குருதி வகையை இரு திசையிலும் பார்த்தல் வேண்டும். அணுக்களைத் தெரிந்த எதிர்ப்பொருளோடு கலப்பது ஒரு திசை; சீரத்தைத் தெரிந்த அணுக்களோடு கலப்பது மறு திசை. மறு திசைச் சோதனையில் ஏ அணுவும் பி அணுவும் மட்டும் வைத்தால் பம்பாய் வகை அகப்படாது; ஓ போலவே விடை தரும். ஓ அணுவையும் சேர்த்து வைத்தால்தான் திருடன் பிடிபடுவான். பிறகு எச் எதிர்ப்பொருளால் உறுதி செய்வர். இவ்வெதிர்ப்பொருளை மனிதரிடம் தேடி அலைய வேண்டுவதில்லை; ஐரோப்பியப் புதர்ச்செடி ஒன்றின் விதையிலிருந்து எடுக்கும் சாறே எச் உள்ள அணுக்களைத் திரட்டும் தன்மையுடையது. ஓ அணுக்கள் அச்சாற்றில் விரைந்து திரளும். பம்பாய் அணுக்கள் அசையாமல் கிடக்கும்.

இச்சோதனையை அறுவைக்கு முன்னரே முடித்தல் வேண்டும் என்று வற்புறுத்துவதற்கு ஒரு காரணம் உண்டு. விழித்திருக்கும் நோயாளிக்குப் பொருந்தாக் குருதியை ஏற்றினால், சில மில்லிலிட்டர் சென்றவுடனேயே முதுகு வலிக்கிறது, மார்பு அடைக்கிறது, குளிர் நடுக்குகிறது என்று அவர் கூறுவார். செவிலி குழாயை மூடிவிடலாம். மயக்க மருந்தில் ஆழ்ந்து கிடப்பவர் வாய் திறந்து முறையிட இயலாது. இரத்த அழுத்தம் தாழ்வதும், காயத்தினின்று குருதி நில்லாமல் கசிவதும், சிறுநீர் கருஞ்சிவப்பாவதுமே அறிகுறிகள். அழுத்தம் தாழ்வதற்கு அறுவையே காரணம் என்று எண்ணி, மருத்துவர் மேலும் ஒரு பை குருதியை ஏற்றிவிடவும் கூடும். அவசர வேளையில் சோதனைக்கு நேரமின்றி ஓ குருதியைக் கொடுத்துவிடும் வழக்கம் ஆயிரக்கணக்கானோரைக் காப்பாற்றியிருக்கிறது என்பது உண்மையே. பத்தாயிரத்தில் ஒருவராகிய இவரை அது காப்பாற்றாது.

முன்கூட்டித் தெரிந்துவிட்டால் வழிகள் பல உள. நாள் குறித்துச் செய்யும் அறுவையாயின், நோயாளியின் குருதியையே சில வாரங்களுக்கு முன் எடுத்துச் சேமித்து அவருக்கே ஏற்றலாம். உடன்பிறந்தாரைச் சோதிக்கலாம், நான்கில் ஒருவர் பொருந்த வாய்ப்புண்டு. குருதி கிடைப்பதே அரிது என்றறிந்த அறுவை மருத்துவர் ஒவ்வொரு துளியையும் கணக்கிட்டுக் கத்தியை நகர்த்துவார். சாதாரணக் குளிர்பெட்டியில் செவ்வணுக்கள் ஆறு வாரங்களுக்கு மேல் நில்லா. 1950இல் இங்கிலாந்தின் ஆட்ரி ஸ்மித், கிளிசரின் கலந்தால் அணுக்கள் உடையாமல் உறைநிலையில் இருக்கும் என்பதைக் கண்டார். அதனால் அரிய குருதியைப் பல ஆண்டுகள் காத்துவைக்க இயல்கிறது. இந்தியாவில் 1957இல் பம்பாயிலேயே குருதி வகை ஆய்வு மையம் ஒன்று தோன்றி, பாட்டியாவின் உழைப்பால் வளர்ந்தது. அரிய வகைக் கொடையாளர்களின் உலகப் பெயர்ப்பட்டியல் ஒன்றும் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரிலிருந்து பேணப்படுகிறது. பட்டியலில் உள்ளோர் பலர்க்கு ஒருவரையொருவர் தெரியாது. பம்பாய் வகையினர் தம் செவ்வணுக்களை ஏபிஓ முறையின் எல்லா வகையினர்க்கும் ஈயலாம். தமக்கென்று வரும்போது தம் வகையினர் ஒருவரையே நாட வேண்டும். ஆகவே அப்பட்டியலில் பெயர் பதிந்தோர், அழைப்பு வந்த நாளில் வேலையை விட்டுச் செல்ல வேண்டியவராகின்றனர்.

2018ஆம் ஆண்டில் மியன்மாரின் யங்கூன் நகரில் ஒரு பெண்மணிக்கு இதய அறுவை செய்ய வேண்டியிருந்தது. அவர் பம்பாய் வகையினர் என்பது அறுவைக்கு முன்னரே தெரிந்துவிட்டது. அந்நாட்டில் பொருந்தும் குருதி கிட்டவில்லை. இந்தியாவின் கர்நாடக மாநிலத்துத் தாவணகெரே ஊரின் குருதி வங்கி ஒன்றில் அவ்வகைக் குருதி இரண்டு பைகள் இருந்தன. அவற்றைக் குளிர்காப்புப் பெட்டியில் வைத்து, தூதஞ்சல் வழியாக வங்காள விரிகுடாவைக் கடந்து அனுப்பினர். பெட்டி யங்கூன் வந்து சேர்ந்த பின்னரே மருத்துவர்கள் கத்தியை எடுத்தனர்.